கோடு ஏறும் இடம்

அத்தியாயம் 11

சென்ற வாரம் நிரஞ்சலாவைக் காய்ச்சலோடு படுக்கையில் விட்டுவிட்டு வந்தோம். காய்ச்சல் இறங்கிவிட்டது. இருமல் மட்டும் பாக்கி.

புதிதாக வந்து சேர்ந்திருப்பவர்களுக்கு வீட்டு மனிதர்களைச் சொல்லிவிடுகிறேன். ஸ்பிரிங்வெளி தேயிலைத் தோட்டம், மேல் டிவிசன் லயத்தின் வரிசை வீடுகளில் மூன்றாவது. றொபின்சன் பதுளை டவுனில் ஆட்டோ ஓட்டுகிறான். அவன் மனைவி ஜெசீகா தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறாள். றொபின்சனின் அக்கா நேசராணி, கணவர் இறந்த மறு வருஷமே குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனவள். மகள் நிரஞ்சலாவுக்கு அப்போது எட்டு வயது. இடையில் இரண்டு தடவை லீவில் வந்துபோன நேசராணி, போன வருஷக் கடைசியில்தான் பெட்டி படுக்கையோடு திரும்பினாள். மகளுக்கு இப்போது பத்தொன்பது. ஏ.எல். எழுதிவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருக்கிறாள்.

மாமனும் அத்தையும் வளர்த்த பிள்ளை அவள். அம்மா மேல் கோபம் ஒன்றும் கிடையாது. அம்மாவிடம் என்ன பேசுவது என்றுதான் தெரியவில்லை.

பேச்சு வராத அந்த இடத்தை நிரப்பத்தான் 'நேசாக்கா அடுப்படி' வந்தது. அம்மா சமைப்பாள். மகள் போனை ஸ்டாண்டில் மாட்டி, பட்டனை அமுக்கிவிட்டு வெளியே போய்விடுவாள். அந்த அடுப்படியில் இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆள் சுவரில்தான் ஒட்ட வேண்டும். பிறகு வெட்டி, ஒட்டி, பாட்டுச் சேர்த்து யூடியூபில் போடுவாள். ஞாயிற்றுக்கிழமைக்கு ஒன்று.

போன வாரம் காய்ச்சலில் வெட்ட முடியவில்லை. "அப்படியே போட்டுருடி, யாரு கேக்கப்போறா?" என்று ஜெசீகாதான் போனை வாங்கிக்கொண்டு போய், நிரஞ்சலா காய்ச்சலுக்கு முன்பே தலைப்பு மட்டும் ஒட்டி வைத்திருந்த தேங்காய் ரொட்டி வீடியோவை முழுசாக ஏற்றிவிட்டாள்.

"வெட்டாமப் போட்டா ஒருத்தரும் பாக்க மாட்டாங்க அத்தை" என்று போர்வைக்குள் இருந்து முனகியவள், அப்படியே தூங்கிப்போனாள்.

இந்த ஞாயிறு காலையில் எல்லோரும் மாதா கோயில் பூசைக்குப் போயிருந்தார்கள். இருமிக்கொண்டு கோயிலில் உட்கார வேண்டாம் என்று நிரஞ்சலா வீட்டிலேயே இருந்தாள். தேத்தண்ணிக் கோப்பையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு போனைத் திறந்தாள்.

ஒவ்வொரு வீடியோவுக்கும் ஒரு கோடு உண்டு. பார்க்க வந்தவர்களில் எத்தனை பேர் எந்த இடம் வரை இருந்தார்கள் என்று காட்டுகிற கோடு. பதுளையில் கம்ப்யூட்டர் வகுப்பு எடுக்கும் சேர்தான் அதைப் பார்க்கப் பழக்கினார். நிரஞ்சலாவின் கோடுகள் எல்லாம் பசறை ரோட்டில் பிரேக் விட்டுப்போன பஸ் மாதிரி, புறப்பட்ட இடத்திலிருந்து இறங்கிக்கொண்டே போகும்.

இந்தக் கோடும் அப்படித்தான் தொடங்கியது. அவள் இரண்டு நாள் உட்கார்ந்து செய்த, எழுத்துகள் சுழன்று சுழன்று வரும் தலைப்பு முடிவதற்குள்ளேயே மூன்றில் ஒரு பங்கு ஆட்கள் ஓடிவிட்டார்கள். நிரஞ்சலாவுக்கு வாய் கசந்தது. அடுத்து மாவு, தேங்காய், உப்பு என்று அளவு சொல்லும் இடத்தில் இன்னொரு சரிவு.

அதற்குப் பிறகு கோடு ஏறியது.

அவள் போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். தப்பாகப் பார்க்கவில்லை. மாவு பிசையும் இடத்தில் கோடு மெதுவாக எழும்பி, ஒரு சின்ன மேடு கட்டி, அதன் பிறகுதான் இறங்கியது. ஒரு இடத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தால்தான் கோடு ஏறும் என்று சேர் சொல்லியிருந்தார்.

மாவு பிசைவதைத் திரும்பப் பார்க்க என்ன இருக்கிறது?

அந்த இடத்தில் விரலை வைத்து ஓட்டினாள். அம்மாவின் கைகள் மாவில் இருந்தன. குரல் சிரித்துக்கொண்டிருந்தது.

"...போன மொத நாளு. ஒரு வார்த்த தெரியாது எனக்கு. மேடம் ஹோல்ல இருந்து 'சக்ரி, சக்ரி'ங்குறாங்க. நானும் சக்கரதான் கேக்குறாங்கன்னு சீனி டின்னத் தூக்கிக்கிட்டு ஓடுறேன். அவங்க கதவக் காட்டுறாங்க. சரி, கதவுகிட்ட யாரோ சீனி கேட்டு வந்திருக்காங்கன்னு அங்க போயி நிக்கிறேன். யாரையுங் காணோம்! கடைசியில அவங்களே எந்திரிச்சி வந்து கதவ அடைச்சாங்க. அப்பறந்தான் தெரிஞ்சிச்சி, 'சக்ரி'ன்னா அடைன்னு அர்த்தமாம். அன்னைக்கு முழுக்க அந்த சீனி டின்னு வாசல்லதான் இருந்திச்சி."

நிரஞ்சலாவுக்குச் சிரிப்பு வந்து, சிரிப்பு இருமலாகி, கண்ணில் தண்ணீர் வந்தது. மறுபடி ஓட்டினாள். மறுபடியும் சிரித்தாள். கோட்டை ஏற்றிவிட்டவர்களில் தானும் ஒருத்தி ஆகிவிட்டது அவளுக்கு அப்போது தோன்றவில்லை.

பார்த்தவர்கள் எந்த நாடு என்று தேடினாள். இலங்கை இரண்டாவது இடத்தில்தான் இருந்தது. முதலில் குவைத். பிறகு சவூதி, ஓமான், ஜோர்தான்.

ஒரு வீடியோவை வைத்து முடிவுகட்டக்கூடாது என்பதும் சேர் சொன்னதுதான். பழைய வீடியோக்களை ஒவ்வொன்றாகத் திறந்தாள். பலாக்கொட்டைக் கறியில், வெட்டும்போது தவறிப்போய் அம்மாவின் பேச்சு ஒரு வாய் மிஞ்சியிருந்தது. அங்கேயும் ஒரு குட்டி மேடு. கட்டசம்பல் இடித்த வீடியோவிலும் அப்படியே. அம்மா பேசாமல் சமைக்கிற, அழகாக வெட்டி பாட்டுப் போட்ட வீடியோக்களில் எல்லாம் ஒரே இறக்கம்தான்.

பூசை முடிந்து அவர்கள் வந்தபோது நிரஞ்சலா வாசலிலேயே நின்றிருந்தாள்.

"அம்மா, இத வந்து பாருங்களேன்."

நேசராணிக்கு ஆச்சரியம். மகள் அவளை இப்படிக் கூப்பிட்டு எதையும் காட்டியதில்லை. செருப்பைக் கழற்றாமலே வந்து குனிந்தாள். ஜெசீகாவும் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள்.

"இந்தக் கோடு என்னான்னா..." என்று நிரஞ்சலா விளக்கினாள். ஏறும் இடத்தைக் காட்டினாள். நாடுகளைக் காட்டினாள். "இன்னொண்ணும் இருக்கு. இவங்கள்ல முக்காவாசிப் பேரு நம்ம நேரம் ராத்திரி ஒன்றரைக்குத்தான் பாக்குறாங்க. யாரும்மா அந்த நேரத்துல ரொட்டி சுடுற வீடியோ பாப்பா?"

நேசராணி போனைத் தன் பக்கம் திருப்பினாள்.

"அங்க அப்ப பதினொரு மணி" என்றாள். "எல்லாரும் சாப்ட்டு, பாத்திரம் கழுவி, அடுப்பு தொடச்சி, ரூமுக்குப் போற நேரம். அப்பதான் போன் கைக்கு வரும்."

மூன்று பேரும் அந்தச் சின்னக் கோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"அப்ப நம்ம பிள்ளைங்கதான் பாக்குதுங்க" என்றாள் நேசராணி. முகம் மலர்ந்தது. "நானும் அப்பிடித்தான் படுத்துக்கிட்டுப் பாப்பேன். ஏதோ நம்ம பேச்சு காதுல விழுந்தாப் போதும்னு இருக்கும்." சொல்லிவிட்டு மகளைத் திரும்பிப் பார்த்தாள். "இந்த ஒரு வீடியோவுலதான் கோடு ஏறியிருக்கா? நான் எல்லாத்துலயுந்தானே பேசுனேன்?"

நிரஞ்சலாவின் விரல் போன் மேல் அப்படியே நின்றது.

"மத்ததுல நீங்க பேசுனத... வெட்டிட்டேன்."

"எத?"

"பேச்ச எல்லாம். நீளமா இருந்தா போரடிக்கும்னு நெனச்சேன்."

"எல்லாத்தையுமா?"

நிரஞ்சலா தலையை மட்டும் ஆட்டினாள்.

நேசராணி சத்தம் போடவில்லை. "சரி" என்றாள். உள்ளே போய்க் கோயில் சேலையை மாற்றினாள். ஊறப்போட்டிருந்த உடுப்பு வாளியைத் தூக்கிக்கொண்டு, ஊற்றுத் தண்ணீர் குழாயில் விழும் பீலிக்கரைக்குப் போகும் படியில் இறங்கினாள். அந்த "சரி"க்குப் பதில் அவள் நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

ஜெசீகா சோற்றுக்கு அரிசி களைந்தபடியே கேட்டாள்.

"நீ வெட்டுனியே, அதுக்கு முன்னாடி அவங்க என்ன பேசுறாங்கன்னு ஒரு தடவையாவது கேட்டியாடி?"

"சத்தத்தக் கொறச்சிட்டுத்தான் வெட்டுவேன் அத்தை. கையப் பாத்தாலே எங்க வெட்டணும்னு தெரியும்."

"உங்கம்மா வந்ததுல இருந்து எங்கிட்ட எவ்வளவு பேசியிருப்பாங்கன்னு நெனக்கிற? ரெண்டு வார்த்த. கொழுந்துக்குப் போயிட்டு வந்தியா, கால் வலிக்குதா. அவ்வளவுதான். கேட்டா, அது கெடக்கட்டும்னுருவாங்க. ஆனா அந்தப் போன ஸ்டாண்டுல மாட்டுன ஒடனே பேசிக்கிட்டே இருப்பாங்க. நான் வெளிய வெறகு ஒடைக்கிறப்ப கேக்கும். நீ எல்லாத்தையும் சேத்து போடுறேன்னுல்ல நெனச்சேன்."

நிரஞ்சலா மூலையில் போய் உட்கார்ந்தாள். போனில் இடமில்லை என்று வெட்டாத வீடியோக்களை அவ்வப்போது அழித்துவிடுவாள். தேடித் தேடிப் பார்த்ததில் மெமரி கார்டில் இரண்டு தப்பியிருந்தன. ஒன்றில் அம்மா மீன் கழுவிக்கொண்டிருந்தாள். இயர்போனைக் காதில் வைத்தாள்.

"...எங்கையில போன் இல்லாத காலத்துல வெள்ளிக்கெழமைதான் வீட்டுக்குப் பேச விடுவாங்க. கார்டு போட்டுப் பேசணும். தம்பி பேசுவான், ஜெசி பேசுவா, அப்பறம் மகளுக்கிட்ட குடுப்பாங்க. சாப்ட்டியாம்மாம்பேன். 'ம்'. ஸ்கூலுக்குப் போனியா? 'ம்'. அம்மாவத் தேடுதா? அதுக்கும் ஒரு 'ம்'. அவ்வளவுதான். ஆனா வெசயம் என்னான்னா, அந்த 'ம்' ஒவ்வொண்ணும் ஒவ்வொரு மாதிரி இருக்கும். சளி புடிச்சிருந்தா ஒரு மாதிரி, சண்ட போட்டுட்டு வந்திருந்தா ஒரு மாதிரி. நான் வெள்ளிக்கெழம கேட்டத வச்சிக்கிட்டு வாரம் முழுக்க வேல செஞ்சிருவேன்... இந்த மீனுக்குப் புளி கொஞ்சம் தூக்கலாப் போடுங்க, அப்பதான் வாட போகும்."

நிரஞ்சலா இயர்போனைக் கழற்றினாள். இந்த இடத்தை வெட்டியது அவளுக்கு ஞாபகம் இருந்தது. மீன் கழுவுவதை யார் பார்ப்பார்கள் என்று வெட்டினாள்.

பீலிக்கரையில் தண்ணீர் நன்றாக விழுந்துகொண்டிருந்தது. பக்கத்து லயத்துப் பெண்கள் இரண்டு பேர் துணி அலசிக்கொண்டிருந்தார்கள். நேசராணி றொபின்சனின் காக்கிச் சட்டையைக் கல்லில் போட்டுத் துவைத்துக்கொண்டிருந்தாள்.

நிரஞ்சலா பக்கத்தில் போய், வாளியில் இருந்த ஒரு பாவாடையை எடுத்துப் பிழிந்தாள்.

"இருமிக்கிட்டு தண்ணியில கை வைக்காத" என்றாள் நேசராணி, நிமிராமலே.

"மீன் கழுவுற வீடியோ கேட்டேன்."

சட்டை கல்லில் அடிபடும் சத்தம் நின்றது.

"போன குடுத்தா எனக்கு என்ன பேசுறதுன்னே தெரியாது" என்றாள் நிரஞ்சலா. "மாமா கார்டு முடியப்போகுது முடியப்போகுதும்பாரு. எனக்கு அழுக வந்துரும். வாயத் தொறந்தா அழுதுருவேன்னுதான் 'ம்'னு மட்டும் சொல்லுவேன். நீ சிரிச்சி சிரிச்சிக் கத சொல்லுவேன்னு எனக்கு எப்பிடித் தெரியும்?"

'நீங்க' என்பது எங்கேயோ நழுவிப்போயிருந்தது. நேசராணிக்கு அது கேட்டது. மகளுக்குக் கேட்கவில்லை.

"அழுதிருந்தாலும் பரவாயில்லயே" என்றாள் நேசராணி. "நானும் அங்குட்டு அழுதுக்கிட்டுத்தான் இருந்திருப்பேன்."

சொல்லிவிட்டுச் சோப்புக் கையாலேயே மகளின் தலைமுடியை ஒதுக்கிவிட்டாள். நுரை காதில் ஒட்டிக்கொண்டது.

"இனிமே ஒண்ணையும் வெட்ட மாட்டேன். இன்னைக்கி அதையே எடுப்போமா? அங்க இருந்தத, நீங்க பழகுனத."

நேசராணி பீலிக்கரையை ஒரு பார்வை பார்த்தாள். குரலைத் தணித்தாள்.

"சமையல் சொல்லிக்குடுக்கேன். அந்த வீட்டுக் கதயெல்லாம் எதுக்கு? வெளிநாடு போயிட்டு வந்தவன்னாலே லயத்துல ஆயிரம் பேச்சு. ஒனக்கு நாளைக்கு நல்லது கெட்டது பாக்க வேணாமா?"

நிரஞ்சலா வாதாடவில்லை. ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துவிட்டு, போனில் வந்திருந்ததை வாசித்தாள்.

"குவைத்துல இருந்து நஸ்மியான்னு ஒருத்தவங்க கேட்டிருக்காங்க. 'அக்கா, சக்ரி கதைக்கு வாயப் பொத்திக்கிட்டுச் சிரிச்சேன். எனக்கு ஒண்ணு சொல்லுங்க. மேடம் படபடன்னு பேசுறாங்க. மெதுவாப் பேசுங்கன்னு கோவம் வராத மாதிரி எப்பிடிச் சொல்றது?'"

நேசராணியின் உதட்டில் சிரிப்பு தட்டியது.

"'ஷ்வை ஷ்வை'ன்னு சொல்லணும். வெறுமன சொல்லக்கூடாது, கைய இப்பிடி நெஞ்சுல வச்சிக்கிட்டு, மொகத்துல சிரிப்பு வச்சிக்கிட்டுச் சொல்லணும். கைய நீட்டிச் சொன்னா அதட்டுற மாதிரி ஆயிரும்."

நெஞ்சில் சோப்புக் கை பதிந்தது. அலசிக்கொண்டிருந்த பெண்களில் ஒருத்தி சத்தமாகச் சிரித்தாள். "நேசாக்கா, அப்பிடியே எம்புருசனுக்கிட்ட சொல்றதுக்கும் ஒண்ணு சொல்லிக்குடுங்க!"

"அவருக்கு எந்த பாசையிலயும் வெளங்காது" என்றாள் நேசராணி. பீலிக்கரையே சிரித்தது.

வாளியைத் தூக்கிக்கொண்டு ஏறும்போது அவளாகவே சொன்னாள்.

"பேசுறேன். ஆனா அந்த வீட்டு ஆளுங்க பேரச் சொல்ல மாட்டேன். அவங்க நல்லது செஞ்சதும் இருக்கு, கெட்டது செஞ்சதும் இருக்கு. ஊரக் கூட்டி வச்சித் தூத்துறதுக்கு எனக்கு இஷ்டமில்ல. போற பிள்ளைங்களுக்கு ஒதவுறத மட்டும் சொல்லுவேன். சும்மா ஒக்காந்துக்கிட்டுப் பேசவும் வராது. கைக்கு ஒரு வேல இருந்தாத்தான் எனக்குப் பேச்சு வரும்."

"சமைச்சிக்கிட்டே பேசுங்க."

"வெட்டுறதா இருந்தா?"

"நீங்க சொல்ற எடத்துலதான் வெட்டுவேன்."

பகல் சாப்பாட்டுக்குப் பிறகு அடுப்படி தயாரானது. சுழலும் தலைப்பு கிடையாது, பாட்டு கிடையாது என்று நிரஞ்சலா முதலிலேயே முடிவு பண்ணிவிட்டாள். இந்தத் தடவை அவள் வெளியே போகவில்லை. கதவு நிலையில் முதுகைச் சாய்த்துக்கொண்டு நின்றாள்.

நேசராணி குவைத்துச் சோறு ஆக்கினாள். காய்ந்த எலுமிச்சைக்கு எங்கே போவது? றொபின்சன் டவுனில் கேட்டுவிட்டு வெறுங்கையோடு வந்தான். அடுப்புக்கு மேலே புகையில் கட்டித் தொங்கவிட்டிருந்த, உள்ளூர் எலுமிச்சையான தேசிக்காய் இரண்டைப் பறித்துப் போட்டாள். ஒவ்வொரு சாமானாகத் தூக்கிக் காட்டினாள். "இது பசல், வெங்காயம். இது மில்ஹ், உப்பு. அரிசிக்கி அங்க ஏஷ். இந்த மூணு பேரு தெரிஞ்சிட்டா மொத நாளு சமையக்கட்டுல நீங்க தொலஞ்சி போக மாட்டீங்க."

ஜெசீகாவைப் புதிதாகப் போன பெண்ணாக நடிக்கச் சொன்னாள். றொபின்சன் தானாகவே எஜமான் ஆனான். கால் மேல் கால் போட்டு உட்கார்ந்து, தனக்குத் தெரிந்த ஒரே அரபுச் சொல்லான "யல்லா யல்லா"வை எல்லாவற்றுக்கும் சொன்னான்.

"மா ஃபஹம்த்" என்றாள் ஜெசீகா, சொல்லிக்கொடுத்தபடியே. எனக்கு விளங்கவில்லை என்று அர்த்தம்.

"இதையே நீ கல்யாணம் கட்டுன நாள்ல இருந்து சொல்லிக்கிட்டுத்தானே இருக்க" என்றான் றொபின்சன்.

நிரஞ்சலா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு வீடியோவில் விழுந்துவிட்டது.

சோறு வெந்துகொண்டிருந்தபோது நேசராணி போனுக்கு நேராகத் திரும்பினாள்.

"இன்னொண்ணு. இதுதான் ரொம்ப முக்கியம். எழுதி வச்சிக்கிடுங்க. 'அபீ அகல்லிம் அஹ்லி.' எங்க வீட்டு ஆளுங்களோட பேசணும்னு அர்த்தம். எனக்கு இந்த வார்த்தயச் சொல்லிக்குடுக்க அங்க ஒருத்தரும் இல்ல. தெரிஞ்சிருந்தா மொத மாசமே கேட்டிருப்பேன். கேட்டா தருவாங்கன்னு எனக்குத் தெரியாது."

சொல்லிவிட்டு அமைதியாக நின்றாள். பானையின் மூடி தடதடத்தது. அவள் மூடியைத் தூக்கவில்லை. கதவு நிலையில் நின்றவளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகுதான் கரண்டியை எடுத்தாள்.

சாயந்திரம் அம்மாவும் மகளும் கட்டிலில் அடுத்தடுத்து உட்கார்ந்து, ஆளுக்கு ஒரு காதில் இயர்போன் மாட்டிக்கொண்டு வீடியோவைப் பார்த்தார்கள். அந்த வீடு இருந்த ஏரியாவின் பெயர் வாய் தவறி வந்த இடத்தை நேசராணி வெட்டச் சொன்னாள். தும்மிய இடத்தை விட்டுவிடச் சொன்னாள். "மனுசின்னா தும்மத்தானே செய்வா."

அந்த அமைதியான இடம் வந்தது.

"இங்க கோடு விழுந்துரும்மா. சத்தமே இல்லாம இருந்தா போயிருவாங்க."

"போறவங்க போகட்டும்" என்றாள் நேசராணி. "பதினொரு மணிக்குப் பாக்குறவங்க போக மாட்டாங்க."

நிரஞ்சலா வெட்டவில்லை.

லயத்தில் சிக்னல் அரைகுறைதான், வாசிக்கவும் பார்க்கவும் மட்டும் போதும். ஏதாவது பெரிதாக அனுப்ப வேண்டும் என்றால் ஸ்டோர் என்கிற தேயிலைத் தொழிற்சாலைக்கு மேலே இருக்கிற வளைவுக்குப் போக வேண்டும். றொபின்சன் ஆட்டோவை எடுத்தான். பின்னால் மூன்று பெண்கள். ஜெசீகா மிச்சச் சோற்றை ஒரு டப்பாவில் போட்டு மடியில் வைத்துக்கொண்டாள். வளைவில் நிறுத்தியபோது தூறல் விழுந்தது. பக்கத்துத் திரையை இறக்கிவிட்டுக்கொண்டார்கள். கீழே பதுளை டவுனின் விளக்குகள் ஒவ்வொன்றாக எரிய ஆரம்பித்தன.

வீடியோ மெதுவாக ஏறியது. அது ஏறி முடிவதற்குள் டப்பா காலியாகிவிட்டது.

"சீனி டின்ன விட இது நல்லாப் போகுமா?" என்று கேட்டான் றொபின்சன்.

"தெரியாது மாமா. கோடு வர ரெண்டு மூணு நாளாகும்."

"நல்லாப் போகலன்னா?"

"போகலன்னா வேற ஒண்ணு எடுப்போம்" என்றாள் நேசராணி. அந்தப் பதிலில் இருந்த நிம்மதி எல்லோருக்கும் பிடித்திருந்தது. வளர்த்த பிள்ளையும் பெற்றவளும் ஒரே போனைப் பார்த்துக்கொண்டிருப்பதை ஜெசீகா ஓரக்கண்ணால் பார்த்து, ஒன்றும் சொல்லாமல் டப்பாவை மூடினாள்.

தூறல் விடக் காத்திருந்த ஒரு மணி நேரத்தில் கருத்துகள் வர ஆரம்பித்தன. நஸ்மியா முதல் ஆளாக வந்து, 'நெஞ்சுல கை வச்சிச் சொன்னேன் அக்கா, மேடம் சிரிச்சிட்டாங்க' என்று எழுதியிருந்தாள். பீலிக்கரையில் அம்மா சொன்னதைக் காலையிலேயே நிரஞ்சலா அவளுக்குப் பதிலாக அனுப்பியிருந்தாள். ஓமானில் இருந்து ஒருத்தி, அந்த 'யல்லா' அண்ணனை அடுத்த வாரமும் கூட்டிவரச் சொன்னாள். றொபின்சன் முன் கண்ணாடியில் தலையைச் சரிசெய்துகொண்டான்.

அதற்குக் கீழே நீளமாக ஒன்று இருந்தது. நிரஞ்சலா சத்தமாக வாசித்துக்கொண்டே வந்தாள்.

"'அக்கா, என் பேரு விஜயலெட்சுமி. ஹல்துமுல்லை பக்கம் தோட்டம். வர்ற வெள்ளிக்கெழம எனக்குக் குவைத்துக்கு ஃபிளைட். நீங்க சொன்ன வார்த்தயெல்லாம் மனப்பாடம் பண்ணிட்டேன். ஏஜென்சியில கூட இவ்வளவு சொல்லித் தரல. எனக்கு ஒண்ணுதான் தெரியல. என் மகளுக்கு ஒம்பது வயசு. நான் போறது இன்னும் அவளுக்குத் தெரியாது. எப்பிடிச் சொல்றது அக்கா? சொல்லிட்டுப் போறதா, சொல்லாமப் போறதா? அதுக்கு ஒரு வீடியோ...'"

குரல் அங்கே நின்றது.

தூறல் ஆட்டோவின் கூரையில் பொட்டுப் பொட்டாக விழுந்தது. றொபின்சன் கைப்பிடியைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஜெசீகா நேசராணியின் கையைத் தேடிப் பிடித்தாள்.

நேசராணி பக்கத்துத் திரையை இன்னும் கொஞ்சம் இழுத்துவிட்டாள்.

"இத... நாளைக்கு யோசிச்சி..."

"நீங்க சொல்ல வேணாம்" என்றாள் நிரஞ்சலா.

"என்னது?"

"இது உங்களுக்குத் தெரியாதும்மா. நான்தான் சொல்லணும்."

போனைத் திருப்பி அம்மாவின் கையில் வைத்தாள். "ரெண்டு கையாலயும் புடிங்க. என் மொகம் தெரியுதா? அந்தச் செவப்பு வட்டத்த அமத்துங்க."

றொபின்சன் ஆட்டோவுக்குள் இருந்த விளக்கைப் போட்டான். நேசராணி இதுவரை போனின் இந்தப் பக்கம் நின்றதில்லை. சின்னத் திரைக்குள் மகளின் முகம் வந்து நின்றது. இருமலில் சிவந்த கண்கள். கலைந்த முடி. திரும்பி வந்ததிலிருந்து இத்தனை பக்கத்தில், இத்தனை நேரம் மகளின் முகத்தை அவள் பார்த்ததில்லை.

பட்டனை அமுக்கினாள்.

நிரஞ்சலா தொண்டையைச் செருமிக்கொண்டாள். அம்மாவைப் பார்க்காமல், போனுக்கு நேராகப் பார்த்தாள்.

"விஜயலெட்சுமி அக்கா, நான் நேசாக்காவோட மகள். இங்குட்டு இருந்த பிள்ள. எங்கம்மா போன அன்னைக்கி காலையில என்ன நடந்திச்சின்னு மொதல்ல சொல்றேன். இத நான் யாருக்கிட்டயும் சொன்னதில்ல. எங்கம்மாவுக்கிட்ட கூட."

நேசராணி போனை இறக்கவில்லை.